கோயிலுக்குப் போகிற வழியில் முதல் வீடு

எஸ்தலூன் மலையூரில் ஒருவர் செத்துப்போனால் அவர் வீட்டார் அழலாம், செபம் சொல்லலாம், சும்மா உட்கார்ந்திருக்கலாம். வேறு எதுவும் செய்யக் கூடாது. அடுப்பை அணைத்து மாடி ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டால் அவர்கள் வேலை முடிந்தது. புகை நின்றதைப் பார்த்து முதல் அயல்வீட்டுக்காரர் வருவார். மணி அடிப்பது, பூசை வைக்கிற கீழூர்ச் சாமியாருக்கு ஆள் அனுப்புவது, பெட்டி செய்வது, குழி வெட்டுவது, மாடு கறப்பது, சமைத்துப் போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. கடைசியில் தன் வீட்டு நெருப்புக் கங்கு அள்ளி வந்து அணைந்த அடுப்பை மூட்டிக் கொடுப்பதும் அவர்தான். முதல் அயல் என்பது சொந்தம் பார்த்து அமைவதில்லை, சிநேகம் பார்த்தும் அமைவதில்லை. நம் வாசலிலிருந்து கோயிலுக்குப் போகிற வழியில் முதலில் எந்த வீடு வருகிறதோ அதுதான் முதல் அயல். முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்தாலும் அன்றைக்கு வந்தாக வேண்டும். முதல் அயல் இருக்கும்போது வேறொருவர் முந்திக்கொண்டு நுழைந்தால் அது முகத்தில் காறி உமிழ்ந்ததற்குச் சமம்.

லாரியு வீட்டுப் பெரியவர் பிப்ரவரியில் ஒரு விடிகாலை கண்ணை மூடினார். அடுப்பை அணைத்தார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். யாரும் வரவில்லை.

காலை போய் நடுப்பகல் நெருங்கிவிட்டது. அனாதோல் அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து கைகளைத் தொடைக்கடியில் வைத்துச் சூடு பண்ணிக்கொண்டிருந்தான். தொழுவத்தில் ப்ரூனெத் மாடு கத்தியது. கன்று போட்டு நான்கு நாள்தான் ஆகிறது. கன்று குடித்தது போக மிச்சம் மடியிலேயே நின்று கல்லாகிக்கொண்டிருக்கும். லாரியு வீட்டில் இருந்த மூன்று மாட்டில் அது ஒன்றுதான் அந்தக் குளிர்காலத்தில் பால் தந்தது.

"மடி வீங்கிரும் லியோனி" என்றான்.

அவன் மனைவி மாடிப்படிக்குக் கீழே, அப்பாவைக் கிடத்தியிருந்த அறை வாசலில் கறுப்புச் சால்வையோடு உட்கார்ந்திருந்தாள். "வருவாங்க" என்றாள்.

"யாரு வருவா?"

"வர வேண்டியவங்க வருவாங்க."

"அதான் யாருன்னு கேக்கறேன். கஸ்தேன் வீட்டு ஊர்சுலம்மாவா, த்ரெஸ்காஸ் வீட்டு க்ளோவிஸா?"

லியோனி சால்வையை இழுத்து மூடிக்கொண்டாள். அவளுக்கும் தெரியவில்லை என்பதுதான் விஷயம். லாரியு வீட்டில் பிறந்து, நாற்பத்திரண்டு வயதுவரை அங்கேயே வளர்ந்து, எந்த மேய்ச்சலில் எந்தக் கல் யாருடையது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவள் அவள். அவளுக்கே தெரியவில்லை என்றால் ஊரில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

எல்லாம் ஓடை பண்ணிய வேலை. எஸ்தலூன் ஆதியில் எதிர்ப்பக்கத்து வெயில்சரிவில் இருந்த ஊர். எந்த ராஜா காலத்திலோ பனி சரிந்து பாதி ஊரை வாரிக்கொண்டு போனது. மிஞ்சியவர்கள் இந்தப் பக்கம், பாறைக்கடியில் வந்து ஒண்டிக்கொண்டார்கள். இங்கே பனி சரியாது, ஆனால் நவம்பரில் போகிற வெயில் பிப்ரவரியில்தான் திரும்பி வரும். வெயில் வேண்டுமா உயிர் வேண்டுமா என்றால் உயிர்தான் என்று முடிவு பண்ணிய ஜனங்கள். ஓடைக்கு அக்கரையில் மேட்டின்மேல் கோயிலும் மூன்று வீடுகளும். இக்கரையில் எட்டு வீடுகள், கடைசி வீடு லாரியு. பிழைக்கப் போனவர்கள் போர்தோவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் அணைக்கட்டு வேலைக்கும் போய்விட, யுத்தம் முடிந்த இந்தச் சில வருஷங்களில் குளிர்காலத்தில் புகைகிற கூரைகள் ஐந்துதான்.

லாரியு வீட்டுக்காரர்கள் கோயிலுக்குப் போக வாசலுக்கு நேரே பலகைப் பாலம் இருந்தது. அதில் இறங்கினால் கஸ்தேன் வீட்டு முற்றம், அங்கிருந்து மேடேறினால் கோயில். ஆக முதல் அயல் கஸ்தேன். மூன்று தலைமுறைப் பிணங்கள் அப்படித்தான் போயின. போன அக்டோபரில் மூன்று நாள் மழைக்கு ஓடை மலையையே புரட்டிக்கொண்டு வந்தது. பாலத்தைத் தூக்கிப் போட்டது, பழைய தடத்தை விட்டுவிட்டு லாரியு வாசலுக்குக் கீழே புதிதாக ஆழப் பறித்துக்கொண்டு ஓடியது. அன்றிலிருந்து கோயிலுக்குப் போக இக்கரையிலேயே மேலே ஏறி, த்ரெஸ்காஸ் வீட்டு வாசலைத் தாண்டி, கற்பாலத்தைச் சுற்றி வர வேண்டியிருந்தது. ஆக முதல் அயல் த்ரெஸ்காஸ்தானே? அப்படித்தான் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டியவர் வீட்டுத் தலைவரான பெரியவர். பிப்ரவரித் தொடக்கத்தில் வருகிற மெழுகுத்திரி நாளன்று பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று சொல்லுவது வழக்கம். அவர் சொல்லவில்லை. கோயிலுக்கே போகவில்லை.

"எங்க பாட்டன் காலத்துலயும் இதே மாதிரி பண்ணுச்சு. அப்புறம் தானா திரும்பி வந்துச்சு. ஓடைக்கு அவசரமில்ல, எனக்கும் இல்ல" என்றார் பெரியவர். ஓடையை ஏதோ கோபித்துக்கொண்டு பிறந்தவீடு போன மருமகள் மாதிரி பேசினார். கடைசியில் ஓடை திரும்பவில்லை, அவர்தான் போய்ச் சேர்ந்தார்.

அனாதோல் எழுந்து ஜன்னலருகே போனான். ஓடைக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், கஸ்தேன் வீடு. புகைபோக்கியிலிருந்து புகை நேராக எழும்பிக்கொண்டிருந்தது. அந்த வருஷத்து முதல் வெயில் அவர்கள் கூரையில் ஒரு துண்டு விழுந்திருந்தது. ஜன்னல் திரைக்குப் பின்னால் யாரோ நகர்ந்த மாதிரி இருந்தது.

"ஊர்சுலம்மா பாத்துக்கிட்டுத்தான் இருக்கு" என்றான்.

"பாக்கட்டும்."

"பாத்தும் வரல. அந்த வாதுமை மரத்துச் சண்டைய இன்னும் மனசுல வச்சிருக்கோ என்னமோ."

"சாவுக்குச் சண்டை கிடையாது. வரலைன்னா அவங்க முறை இல்லைன்னு நினைக்கறாங்கன்னு அர்த்தம்."

"சரி, அப்ப க்ளோவிஸ் ஏன் வரல?"

"அவனும் அப்படியே நினைக்கறானோ என்னவோ."

"நான் ஒரு எட்டு மேல போயி..."

"போகக் கூடாது." லியோனியின் குரல் ஏறவில்லை, ஆனால் கெட்டியாக இருந்தது. "செத்த வீட்டுக்காரன் பிறத்தியார் வாசல்ல போயி நின்னா அந்த வீட்டுக்கு ஆகாது. எங்க அப்பா அநாதையா? ஆள் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து தூக்க வேண்டிய பொணமா அவரு?"

"அப்படின்னா மாட்டையாவது கறக்கறேன்."

"கை வைக்காத. நீ இந்த வீட்டு ஆளா இல்லையா?"

இதைக் கேட்டதும் அனாதோல் பெஞ்சுக்கே திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டான். பதினாறு வருஷமாக அவனே தன்னைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. எஸ்தலூனில் ஆளுக்குப் பேர் கிடையாது, வீட்டுக்குத்தான் பேர். லாரியு வீட்டுத் தலைவர் லாரியு. ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் மகள் வாரிசானால், அவளைக் கட்டிக்கொண்டு வருகிற வீட்டோடு மாப்பிள்ளை தன் அப்பன் பேரை மலைக்கு அந்தப்பக்கம் விட்டுவிட்டு வர வேண்டும். அனாதோல் புயூ அப்படித்தான் விட்டுவிட்டு வந்தான். ஆனால் பெரியவர் இருக்கும்வரை லாரியு அவர்தான். ஊர் இவனை மாப்பிள்ளை என்றது. சந்தையிலும் மாப்பிள்ளை, சீட்டாட்டத்திலும் மாப்பிள்ளை, கோயிலில் கூட்டம் சேர்ந்தால் 'மாப்பிள்ளை, கொஞ்சம் தள்ளி நில்லு'. மாமனார் கெட்டவர் இல்லை. ஒரே ஒரு பழக்கம், சூப்பு ஊற்றும்போது முதல் கரண்டி தனக்கு, அடுத்தது மகளுக்கு, அப்புறம் நாயைப் பார்ப்பார், பிறகு இவனைப் பார்ப்பார்.

அவருக்காக அழுகை வருகிறதா என்று அனாதோல் தனக்குள் தேடிப் பார்த்தான். வந்தது. எங்கிருந்து வருகிறது என்றுதான் தெரியவில்லை. அவர் மேல் இருந்த பாசமா, பசியா, குளிரா, மாட்டின் கத்தலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

நடுப்பகல் தாண்டியதும் ப்ரூனெத் கத்துவதை நிறுத்திவிட்டது. அதுதான் அவனை எழுப்பியது. கத்துகிற மாட்டை நம்பலாம், கத்தாத மாட்டை நம்பக் கூடாது. தொழுவத்துக்குப் போய்ப் பார்த்தான். மாடு பின்னங்கால்களை அகட்டிக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டு நின்றது. மடியில் ஒரு பக்கம் சிவந்து பளபளத்தது. கன்றை முட்டவிட்டால் உதைத்தது. அவன் கை தானாக நீண்டது. லியோனி கேட்ட கேள்வி ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டான்.

தொழுவத்து ஆணியில் ஒரு பழைய கம்பளிக்கோட்டு தொங்கியது. அவன் கல்யாணத்துக்கு மலையேறி வந்தபோது போட்டு வந்தது, இப்போது கன்று போடும்போது மாட்டுக்குப் போர்த்துவார்கள். அதை எடுத்து உதறினான். கூளம் பறந்தது. லாரியு வீட்டுக் கறுப்பு மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அதைப் போட்டுக்கொண்டான். வயிற்றுக்கு மேல் பொத்தான் சேரவில்லை. லியோனியிடம் சொல்லிக்கொள்ளவில்லை. வீட்டு வாசல் வழியாகவும் போகவில்லை. எருத் தள்ளுகிற பின்வாசல் வழியாகக் குனிந்து வெளியே வந்து, பனியில் மரச்செருப்பு புதையப் புதைய மேலே நடந்தான். செய்வது சரியா தப்பா என்று யாராவது அப்போது கேட்டிருந்தால் அவனுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

த்ரெஸ்காஸ் வீட்டுக் கதவைத் தட்டியதும் க்ளோவிஸே திறந்தான். சிவந்த மூக்கும் பெரிய கையுமாக ஐம்பது வயது ஆள். கறுப்புச் சட்டை, கறுப்புத் தொப்பி, சவரம் பண்ணிய முகம். சாவுக்குப் போக விடிந்ததிலிருந்து தயாராக நிற்கிறவன் கோலம்.

"மாப்பிள்ளை, வாசப்படி மிதிக்காத" என்று பதறினான். "செத்த வீட்டுக்காரன் நீ, எங்க வீட்டுல சினை ஆடு நிக்குது."

"நான் செத்த வீட்டுக்காரன் இல்லைங்க."

"என்னது?"

"என் பேரு அனாதோல் புயூ. அடுத்த பள்ளத்தாக்கு. வழியில போறேன். கீழ ஒரு வீட்டுல கூரையில புகை இல்ல, மாடி ஜன்னல் தொறந்திருக்கு. ஊர்க்காரங்க காதுல போட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

க்ளோவிஸ் அவனை மேலும் கீழும் பார்த்தான். உள்ளே திரும்பி, "மாதில்த், இங்க வா. மாப்பிள்ளைக்குப் புத்தி பிசகிருச்சு" என்றான்.

அவன் மனைவி கையில் மாவோடு எட்டிப் பார்த்தாள். "குளிரு ஏறியிருக்கும். பாவம், காலையிலேருந்து அடுப்பில்லாம கிடக்காங்க."

"குளிரெல்லாம் இல்லம்மா" என்றான் அனாதோல். "வழிப்போக்கன் புகையில்லாத வீட்டப் பாத்தா சொல்லலாமா கூடாதா?"

"சொல்லலாம்" என்றான் க்ளோவிஸ் யோசனையோடு. "அதுக்குத் தடை ஒண்ணும் இல்ல."

"அதான் சொல்றேன். அந்த வீட்டுக்கு முதல் அயல் நீங்களா?"

க்ளோவிஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "அதத்தான் விடிஞ்சதிலிருந்து நானும் இவளும் பேசிட்டிருக்கோம். கோயிலுக்குப் போற வழின்னு பாத்தா நான்தான். ஆனா பெரியவரு வாயத் தொறந்து சொல்லலியே. சொல்லாம நான் போயி நிக்க, ஊர்சுலம்மாவும் வந்து நிக்க, 'எங்க உரிமைய நீ எப்படிடா எடுத்த'ன்னு அந்தம்மா கேட்டா நான் மூஞ்சிய எங்க வச்சுக்கறது? அந்தம்மா வாய்க்கு யாரு பதில் சொல்றது?"

"நீ போயிருக்கணும்" என்றாள் மாதில்த்.

"நீதான போகாதன்னே."

"ஊர்சுலம்மா போகுதான்னு பாத்துட்டுப் போன்னேன். போகவே போகாதன்னா சொன்னேன்?"

"அந்தம்மா போகலியே."

"அதான் நீயும் போகல."

இது இப்படியே பொழுது சாயும்வரை போகும் என்று தெரிந்தது. அனாதோல் கற்பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போனான். போகும் வழியில் மற்ற இரண்டு வீட்டு ஜன்னல்களிலும் திரை நகர்ந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள், எல்லோரும் கறுப்பு உடுத்திக்கொண்டு இருக்கிறார்கள், மரியாதை கெட்டுவிடக் கூடாதே என்று எல்லோரும் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. மாமனார் செத்த அன்றைக்குச் சிரிக்கிறோமே என்று தன் மேலேயே கோபமும் வந்தது.

ஊர்சுலம்மா கதவை அவன் தட்டுவதற்கு முன்பே திறந்தாள். அறுபது வயது விதவை. ஒடிசலான உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய குரல். அவளும் தலையோடு கால் கறுப்பில் இருந்தாள். அடுப்படியில் கங்கு அள்ளுகிற இரும்புக்கரண்டி துலக்கி வைக்கப்பட்டிருந்தது. மேசைமேல் பால்வாளி. பன்றியெலும்பும் முட்டைக்கோஸும் வேகிற வாசனை அவன் வயிற்றைப் பிசைந்தது.

"அந்தக் கோட்டு எங்க கெடச்சுது உனக்கு?" என்றாள்.

"நான் லாரியு வீட்டு ஆள் இல்லம்மா. என் பேரு அனாதோல் புயூ. வழியில போறவன்."

அவள் க்ளோவிஸ் மாதிரிப் பதறவில்லை. கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். பிறகு கதவை அகலத் திறந்தாள். "வழிப்போக்கனா? உள்ள வா. உக்காரு. ஒரு கிண்ணம் குடி."

"கீழ ஒரு வீட்டுல..."

"குடிச்சிட்டுச் சொல்லு. வழிப்போக்கன் பசிக்குப் போட்ட அப்புறந்தான் சேதி கேக்கணும்."

அவன் சூப்பைக் குடித்தான். அவள் எதிரே நின்று இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப போனாரு?"

"விடிகாலை."

"கஷ்டப்பட்டாரா?"

"இல்ல. தண்ணி கேட்டாரு. குடிச்சிட்டு, ஓடைச் சத்தம் மாறிக் கேக்குதேன்னாரு. அப்புறம் பேசல." சொல்லும்போதுதான், வழிப்போக்கனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அவனுக்கு உறைத்தது. ஊர்சுலம்மா அதைக் கண்டுகொள்ளவில்லை.

"மாடு?"

"மடி சிவந்திருச்சு."

"அந்தக் கிழவன் பண்ணின கூத்தப் பாத்தியா" என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஒரு வார்த்த. மெழுகுத்திரி நாளைக்கு வந்து, 'இனிமே த்ரெஸ்காஸ்தான் எங்க முதல் அயல்'னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எனக்கு அவரு தொல்லை அன்னிக்கே விட்டிருக்கும். அவருக்கும் என் தொல்லை விட்டிருக்கும். அவரோட வாதுமைக் கிளைய நான் வெட்டினதிலேருந்து எத்தன வருஷம் என் வாசல் வழியா மூஞ்சியத் திருப்பிக்கிட்டே கோயிலுக்குப் போனாரு. நல்ல சாக்கு கெடச்சும் ஏன் சொல்லல?"

"எனக்குத் தெரியலம்மா. எனக்கு ஒண்ணுமே தெரியல. இன்னிக்கு நான் யாருங்கறதே தெரியல."

"உன்னக் கேக்கல நான்." அவள் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்னோட சண்டை போடணும்னா நான் பக்கத்துல இருக்கணுமில்ல. அதான் சொல்லல." இடுப்பில் கட்டியிருந்த துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சட்டென்று திரும்பினாள். "வழிப்போக்கா, ஒண்ணு சொல்லு. கோயிலுக்குப் போற வழின்னா யாரு போற வழி?"

"வீட்டுக்காரங்க போற வழி."

"இன்னிக்குக் கோயிலுக்குப் போகப்போறது யாரு?"

"பெரியவரு."

"பாலம் போனப்புறம் அவரு த்ரெஸ்காஸ் வாசல மிதிச்சு ஒரு தடவையாவது கோயிலுக்குப் போனாரா?"

"இல்ல. வெளியவே வரல."

"அப்ப அவரு கோயிலுக்குப் போன கடைசி வழி எது?"

அனாதோல் ஜன்னல் வழியாக அவள் முற்றத்தைப் பார்த்தான். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பால்வாளியை எடுத்துக்கொண்டாள், தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள், அவனை முன்னே தள்ளிக்கொண்டு கிளம்பினாள்.

த்ரெஸ்காஸ் வாசலில் க்ளோவிஸ் நின்றுகொண்டிருந்தான். ஊர்சுலம்மா நடையை நிறுத்தாமலே, "க்ளோவிஸ், பெரியவரு என் ஆளு. இந்த வழிப்போக்கன் சாட்சி. நீ போயி மணிய அடி" என்றாள்.

"அப்ப நான் முதல் அயல் இல்லியா?" அவன் குரலில் நிம்மதியா ஏமாற்றமா என்று சொல்ல முடியவில்லை.

"இந்தச் சாவுக்கு நான். அடுத்த சாவுலேருந்து நீ." அனாதோலை ஒரு பார்வை பார்த்தாள். "இவன் திடமாத்தான் இருக்கான். நீ ஒண்ணும் அவசரப்பட வேண்டாம்."

கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. மணிச்சத்தம் கேட்டதும் மற்ற வீட்டுக் கதவுகளும் திறந்தன. காலையிலிருந்து அடைத்துக் கிடந்த ஜனம் பனியில் இறங்கி வந்தது. ஊர்சுலம்மா நேராகத் தொழுவத்துக்குப் போய் மாட்டின் விலாவில் தலையைச் சாய்த்துக்கொண்டு கறந்தாள். முதலில் ரத்தம் கலந்து திரிதிரியாக வந்தது. அயல்வீட்டிலிருந்து வந்த சுடுதண்ணியில் ஒத்தடம் கொடுத்துப் பன்றிக்கொழுப்பைத் தடவி மறுபடி கறந்தாள். மூன்று காம்பு தப்பித்தது. நாலாவது போய்விட்டது.

லியோனி அறை வாசலிலிருந்து எழவில்லை. கோட்டோடு நின்ற அனாதோலைப் பார்த்தாள்.

"யாருன்னு சொன்ன?"

"புயூன்னு சொன்னேன்."

"ரெண்டு வீட்டுலயுமா?"

"ரெண்டு வீட்டுலயும்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பாவுக்காக அழுகிறாளா, இவன் பண்ணினதுக்கு அழுகிறாளா என்று தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்காரலாமா என்று யோசித்தான். வழிப்போக்கன் எப்படிப் போய் உட்காருவான் என்று பட்டதும் அங்கேயே நின்றான்.

கஸ்தேன் முதல் அயல் என்று ஆன பிறகு பிணம் கஸ்தேன் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். பாலம் இல்லை. மறுநாள் ஊர்சுலம்மா தன் கொட்டகைக் கதவு இரண்டையும் கீலோடு கழற்றச் சொன்னாள். க்ளோவிஸும் மற்ற ஆண்களும் ஓடையில் இறங்கி, முழங்கால்வரை பனித்தண்ணீரில் நின்று, கல்லடுக்கி, இரண்டு உத்தரத்தைப் போட்டு அதன்மேல் கதவுகளைப் படுக்க வைத்தார்கள். 'கதவு இல்லாம உன் ஆடு ஓடிரும்' என்று யாரோ சொன்னதற்கு, 'ஓடினா லாரியு வீட்டு வைக்கோலத் தின்னட்டும், கதவு தந்த கடனுக்குச் சரியாப்போகும்' என்றாள். ஆண்கள் ஒரு வாய் பிராந்தியைக் குடித்துவிட்டு மறுபடி இறங்கினார்கள்.

மூன்றாம் நாள் கீழூர்ச் சாமியார் வந்தார். பெட்டி கதவுப் பாலத்தின் மேல் ஏறியதும் பலகை முனகியது. தூக்கியவர்கள் நின்றார்கள். புதுத்தடத்தில் ஓடை அடியில் இரைந்துகொண்டு போயிற்று. பெரியவர் அதைக் கேட்க வேண்டும் என்பதுபோல ஊர்சுலம்மா கையை உயர்த்தி அவர்களை அப்படியே கொஞ்சம் நிற்க வைத்தாள். பிறகுதான் நடந்தார்கள்.

பெட்டிக்குப் பின்னால் முதலில் நடக்க வேண்டியவர் வீட்டுத் தலைவர். லியோனி நின்று பார்த்தாள். மற்றவர்களும் நின்றார்கள். அனாதோலுக்கு முன்னே போவதா பின்னே போவதா என்று விளங்கவில்லை. இரண்டு வீட்டு வாசலில், நான் இந்த வீட்டு ஆள் இல்லை என்று தன் வாயாலேயே சொன்னவன் அவன். பதினாறு வருஷம் காத்திருந்து, லாரியு என்கிற பேர் கையில் விழுகிற நாளில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டவன். அவன் விலகி, எல்லாருக்கும் பின்னால், சாமியாரின் கழுதையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். லியோனி தனியாக முன்னே நடந்தாள். அவள் தோள் ஒரு பக்கம் சாய்ந்திருந்ததைக் கல்லறைவரை பார்த்துக்கொண்டே போனான். கல்லறையில் வெயில் இருந்தது. நவம்பருக்குப் பிறகு முதுகில் வெயில் பட்டது அன்றைக்குத்தான்.

திரும்பி வந்து எல்லோரும் லாரியு வீட்டுக்குள் நுழைந்தார்கள். சாவுச் சாப்பாட்டுக்கு அவரைப்பருப்பும் உப்புமீனும் கஸ்தேன் வீட்டிலிருந்து வந்து மேசையில் இருந்தன. யாரும் உட்காரவில்லை. அடுப்பு மூட்டின பிறகுதான் உட்கார வேண்டும். மூன்று நாளாக அணைந்து கிடந்த வீடு உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிராக இருந்தது. அடுப்பருகே பெரியவரின் நாற்காலி காலியாக இருந்தது. அனாதோல் கதவுக்குப் பக்கத்தில், வெளியூர்க்காரர்கள் நிற்கிற இடத்தில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். க்ளோவிஸ் அவனைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி மேல்கூரையைப் பார்த்தான்.

ஊர்சுலம்மா இரும்புக்கரண்டியில் கங்கை ஏந்தி, மேலே சாம்பல் மூடி, கதவுப் பாலத்தின் வழியாகச் சிறு ஓட்டமாக வந்தாள். கூட்டம் விலகி வழி விட்டது. அவள் அடுப்புக்கு முன்னால் போய்க் குனிந்து கங்கைக் கொட்டினாள். சுள்ளி வைத்தாள், ஊதினாள். பிடித்துக்கொண்டது. அதற்கு மேல் முதல் கட்டையை வைக்க வேண்டியது அவள் அல்ல, வீட்டுத் தலைவர். அவள் கரண்டியைக் கீழே வைக்காமல் நிமிர்ந்தாள்.

"கட்டை" என்றாள்.

யாரும் அசையவில்லை. லியோனி அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுள்ளி சடசடவென்று எரிந்து தீர்ந்துகொண்டிருந்தது.

"சுள்ளி எரிஞ்சு போகுது. எத்தன நேரம் நான் இப்படி நிக்கறது?" ஊர்சுலம்மா கூட்டத்தின் தலைகளுக்கு மேலாகக் கதவுப் பக்கம் பார்த்தாள். "லாரியு, வா இங்க."

அனாதோல் சட்டென்று நகர்ந்து கதவை விட்டு ஒதுங்கினான். பின்னால் வருகிறவருக்கு வழி விட்டுத் திரும்பிப் பார்த்தான். வாசலில் யாரும் இல்லை. பனியும் ஓடையும் கதவுப் பாலமும்தான் இருந்தன. எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்த பிறகும் அவனுக்கு விளங்கவில்லை.

லியோனிதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். விறகு அடுக்கிலிருந்து பருத்த கட்டையாக ஒன்றைப் பார்த்து எடுத்து, அவன் கையிலிருந்த தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு, கட்டையை அங்கே வைத்தாள்.

"உன்னத்தான் கூப்பிடறாங்க" என்றாள். "நெருப்பு அணையறதுக்குள்ள போ."